'அவனொடு', 'அவன்மேல்': நட்பு, காதல் என்னும் சொற்களின் எல்லை

1. முன்னுரை

ஒருவர்பால் தமக்குள்ள உணர்வு காதலா, நட்பா எனப் பிரித்தறிய இயலாமல் தடுமாறுவோர் உண்டு. இத்தடுமாற்றம் உளவியல் நூல்களில் மனத்தின் சிக்கலாகவே பேசப்படுகிறது. இதில் மொழிக்கும் பங்கு உண்டு என்பதும், அப்பங்கை உணராத மொழிபெயர்ப்புகள் மூலத்திற்கு இழப்பை உண்டாக்குகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. சங்கப் பாடல்கள், திருக்குறள், இக்கால வழக்கு ஆகியவற்றோடு, மும்மொழிகள் கலந்து வழங்கும் ஓர் ஊரின் பேச்சும் ஈண்டுச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

அவ்வூர் பேத்தமங்களா. கருநாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பாலாற்றின் கரையில் அமைந்தது. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கிய ஏரியும் நீரேற்று நிலையமும் இங்கு உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்கத் தொழில் பெருகியபோது வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் தங்கவயலில் குடியேறினர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. குடியேறியோரின் வழிவந்தோரும் அவர்தம் மொழியும் நிலைத்துள்ளனர். ஆந்திர எல்லையும் தமிழக எல்லையும் அருகில் இருப்பதால் இப்பகுதியில் ஒருவரே வீட்டில் தமிழும், பள்ளியில் கன்னடமும், சந்தையில் தெலுங்கும் பேசுவது இயல்பு. இத்தகைய ஒருவர் தம் உணர்வுக்குப் பெயர் தேடும்போது அவர்முன் மூன்று மொழிகளின் சொற்கள் நிற்கின்றன. தமிழில் அன்பு, பிரியம், நட்பு, காதல். கன்னடத்தில் ப்ரீதி, ஸ்நேஹ, ஒலவு, கெளெதன. தெலுங்கில் ப்ரேம, ஸ்நேஹம், இஷ்டம், செலிமி. இச்சொற்களின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கன்னடத்தில் நண்பனுக்கு எழுதும் மடலை 'ப்ரீதிய கெளெய' எனத் தொடங்குவதில் ஐயத்திற்கு இடமில்லை. அதே 'ப்ரீதி' இளைஞர் இருவரைப் பற்றி ஊரார் பேசும்போது காதலைக் குறிக்கும். தெலுங்கில் தாயின் அன்பும் 'ப்ரேம', காதலும் 'ப்ரேம'. தமிழில் 'சிநேகம்' நட்பு. அதே வடசொல் மலையாளத்தில் அன்பு அனைத்தையும் தழுவும், காதலும் அதனுள் அடங்கும்.

பெயர்ச்சொற்களை மட்டும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். ஆகவே பெயர்ச்சொல்லை விட்டு, அது எந்த உருபோடு வருகிறது என்று நோக்குவது தக்கது. அதற்குமுன், தமிழின் பழைய வழக்கில் இவ்விரு சொற்களும் எவ்வாறு நின்றன எனக் காண்போம்.

2. பழைய வழக்கில் நட்பும் காதலும்

குறுந்தொகையின் மூன்றாம் பாடல் தேவகுலத்தார் பாடியது. தலைவனைத் தோழி பழித்துரைக்க, தலைவி தன் உறவின் பெருமையை நிலத்தோடும் வானோடும் கடலோடும் ஒப்பிட்டு விடை கூறுவதாக அமைந்தது. தமிழ்க் காதற் பாடல்களுள் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவனவற்றுள் ஒன்று. ஆயின் 'காதல்' என்னும் சொல் அப்பாடலில் இல்லை. தலைவி தன் உறவுக்கு இட்ட பெயர் 'நட்பு'. அதற்கு முந்தைய இரண்டாம் பாடலில், வண்டை நோக்கிப் பேசும் தலைவனும் தலைவியோடு தனக்குள்ள தொடர்பை 'நட்பு' என்றே கூறுகிறான். அப்பாடலில் 'காமம்' என்னும் சொல்லும் வருகிறது. ஆனால் காதலர் வேட்கையைக் குறிக்க அன்று. கேட்பவன் விரும்புவதையே சொல்லும் ஒருதலைச் சார்பு என்னும் பொருளில் அது ஆளப்பட்டுள்ளது. இன்றைய வாசகர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாகச் சொற்கள் இடம் மாறி நிற்கின்றன. நாற்பதாம் பாடலில் முன்பின் அறியாத இருவர் நெஞ்சங்கள் கலந்தமை கூறப்படுகிறது. ஆங்கும் சொல் 'அன்பு'.

இவை தனித்த சான்றுகள் அல்ல. நற்றிணையின் முதற்பாடலில் தலைவி தலைவனது உறவைக் 'கேண்மை' என்கிறாள். அந்நூலின் 32ஆம் பாடலில் கபிலர், பெரியோர் ஆராய்ந்த பின்னரே நட்புக் கொள்வர், நட்ட பின் ஆராயார் என்னும் கருத்தைத் தோழியின் வாயில் வைக்கிறார். காதலைத் தலைவி ஏற்கவேண்டும் என்பதற்குத் தோழி காட்டும் நியாயம் இது. இதே நெறியைத் திருக்குறள் 'நட்பாராய்தல்' அதிகாரத்தின் முதற்குறளில் காண்கிறோம். அகப்பாடலில் காதலுக்குச் சொல்லப்பட்ட விதி பொருட்பாலில் நட்புக்குச் சொல்லப்படுகிறது. எந்த மாற்றமும் அதற்குத் தேவைப்படவில்லை.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 'காதலன்' என்னும் சொல் கம்பராமாயணத்தில் மகனைக் குறித்துப் பலகாலும் வருகிறது. 'புணர்ச்சி' என்பது காமத்துப்பாலில் ஓர் அதிகாரத் தலைப்பில் இடம்பெறுவது. அதே சொல் 'நட்பு' அதிகாரத்தின் 785ஆம் குறளில் நண்பர் உடனிருந்து பழகுதலைக் குறிக்கிறது. அக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுகிறார். ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டோர் அவ்விருவர்.

அவ்விருவரைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்களை அகப்பாடல் மரபோடு ஒப்பிட்டால் ஒற்றுமைகள் வியப்பளிக்கும். 67ஆம் பாடலில் பிசிராந்தையார் அன்னச் சேவலிடம் சோழனுக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். பறவையைத் தூது விடுதல் பிரிந்த காதலர் செயலாக நாம் நன்கறிந்தது. அன்னத்தின் பேடை அணிந்து மகிழ அரசன் அணிகலன் தருவான் என்பதும் அப்பாடலில் உண்டு. வடக்கிருந்த சோழன், நண்பர் தவறாது வருவார் என உறுதி கூறி, அவருக்கு இடம் ஒழித்து வைக்கச் சொல்கிறான். கோப்பெருஞ்சோழன் பெயரில் குறுந்தொகையிலும் பாடல்கள் உள்ளன. அவற்றுள் 129ஆம் பாடல், தலைவன் தன் காதல் நோயைத் தோழனிடம் கூறுவது. நட்பின் இலக்கியமாகப் போற்றப்படும் அரசன், காதலைத் தோழனுக்கு எடுத்துரைக்கும் பாடலின் ஆசிரியனாகவும் விளங்குகிறான்.

பாரி இறந்தபின் கபிலர் பாடியது புறநானூற்று 236ஆம் பாடல். இப்பிறவியைப் போல மறுபிறவியிலும் நின்னோடு உடனுறையும் பேற்றை ஊழ் தருக என்று அவர் வேண்டுகிறார். குறுந்தொகை 49இல் அம்மூவனாரின் தலைவியும் மறுபிறவி பற்றியே பேசுகிறாள். இம்மை நீங்கினும் மறுமையில் நீயே என் கணவன் ஆகுக என்பது அவள் வேண்டுகோள். உணர்வின் ஆழத்தில் இரண்டிற்கும் வேறுபாடு காண்பது அரிது. 'கணவன்' என்னும் உறவுப் பெயர் ஒன்றில் உண்டு. மற்றதில் 'உடனுறைவு' மட்டுமே உண்டு. அதாவது, வேறுபாடு உணர்வின் பெயரில் இல்லை. எந்த உறவு வேண்டப்படுகிறது என்பதில் இருக்கிறது.

இதனைக் கொண்டு, சங்கப் புலவர்க்கு இரண்டும் ஒன்றே எனக் கூறிவிடல் ஆகாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் காதலுக்கு உரிய குறிகளைத் தனியே வகுக்கிறது. நெற்றி வியர்த்தல், எழும் நகையை மறைத்தல் என்பன போன்றவை அவை. காதல் களவாகத் தொடங்கி அலரால் வெளிப்படுவது. புறப்பாடல்களின் நட்போ ஊரறிய நிகழ்வது. எனவே பண்டையோர் வேறுபாட்டை அறிந்திருந்தனர். அவ்வேறுபாட்டைத் திணை, கூற்று, மெய்ப்பாடு ஆகியவற்றில் வைத்தனர். சொல்லின்மேல் அச்சுமையை ஏற்றவில்லை.

3. உருபு காட்டும் வேறுபாடு

இனி உருபுக்கு வருவோம். இக்காலத் தமிழில் 'எனக்கு அவன்மேல் அன்பு', 'எனக்கு அவன்மேல் பிரியம்', 'எனக்கு அவன்மேல் காதல்' என்பன இயல்பான தொடர்கள். 'எனக்கு அவன்மேல் நட்பு' என்பது செவிக்கு உறுத்துகிறது. 'எனக்கு அவனோடு நட்பு' என்றோ, 'எனக்கும் அவனுக்கும் நட்பு' என்றோ கூறினால்தான் தொடர் நிறைவு பெறும். காதலோ இரண்டு அமைப்பிலும் வரும். 'அவன்மேல் காதல்' என்பது ஒருவரது நிலை. 'அவனுக்கும் அவளுக்கும் காதல்' என்பது இருவரது நிலை. ஆக, காதல் ஒருவரிடத்தே இருக்கவும் கூடும். நட்பு இருவரிடையே மட்டும் இருக்கும். நட்பு என்னும் சொல்லின் வேர் 'நள்' என்பது செறிதல், கலத்தல் என்னும் பொருளது. கலத்தலுக்கு இருவர் வேண்டும் என்பதைத் தொடரமைப்பு இன்றும் காத்துவருகிறது.

பேத்தமங்களாவின் மும்மொழிப் பேச்சுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். கன்னடத்தில் 'அவன மேலெ ப்ரீதி'; 'அவன ஜொதெ ஸ்நேஹ'. தெலுங்கில் 'அதனி மீத ப்ரேம', 'அதனிதோ ஸ்நேஹம்'. முன்னர் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்ற சொற்கள் இங்கு இரண்டே அணிகளாகப் பிரிகின்றன. 'மேல்', 'மேலெ', 'மீத' ஆகியன ஓர் அணி. 'ஓடு', 'ஜொதெ', 'தோ' ஆகியன மற்றோர் அணி. மொழிதோறும் பெயர்ச்சொல்லை மாற்றிக்கொள்ளும் ஒருவர், 'ஒருவர்மேல் கொள்வது', 'ஒருவரோடு இருப்பது' என்னும் பாகுபாட்டை மூன்று மொழியிலும் மாற்றுவதில்லை. மலையாளம் இதற்கு விலக்கு. ஆங்கு 'அவனோடு ஸ்நேஹம்' என்பது அவனிடத்துக் கொண்ட அன்பையும் குறிக்கும். மலையாள 'ஓடு' உடனிகழ்ச்சியை மட்டும் உணர்த்தாமல், சொல்லப்படுபவரைச் சுட்டவும் வருவதால் அதன் பொருள் விரிந்துள்ளது. ஆகவே இப்பாகுபாட்டைத் திராவிட மொழிகள் அனைத்திற்கும் பொதுவிதியாகக் கூற இயலாது. இம்மூன்று மொழிகளுக்கும் பொருந்துவதாகக் கொள்ளலாம்.

இந்நோக்கில் குறுந்தொகை மூன்றாம் பாடலை மீண்டும் காண்க. தலைவி, மலைநாடனைச் சுட்டும் சொல்லில் 'ஒடு' உருபை வைத்தே 'நட்பு' என்கிறாள். அவள் தன் நெஞ்சில் உள்ளதை அளக்கவில்லை. தனக்கும் அவனுக்கும் இடையே உள்ளதை அளக்கிறாள். தோழி தலைவனைப் பழித்தாள் என்னும் சூழலை நினைந்தால் இதன் திறம் விளங்கும். 'உன் காதல் பெரிது, அவன் அதற்குத் தக்கவன் அல்லன்' என்று தோழி வாதிடக்கூடும். 'அவனொடு' என்று சொன்ன அளவிலேயே அவ்வாதத்திற்கு இடமில்லாமற் போகிறது. நிலத்தினும் பெரிது எனப்பட்டதில் அவன் பங்கும் அடங்கிவிட்டது.

ஏ. கே. இராமானுஜன் 1967இல் வெளியிட்ட 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்னும் குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலில் இப்பாடல் இடம்பெற்றுள்ளது. 1929இல் மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் கேட்டு வளர்ந்த அவர், சங்கப் பாடல்களை உலக வாசகரிடம் கொண்டுசேர்த்ததில் முதன்மையானவர். 'நட்பு' என்பதற்குக் காதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அவர் தேர்ந்தார். பாடலின் துறை அறிந்தவர் எவரும் அதைப் பிழை என்னார். ஆயின் அத்தேர்வோடு மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. ஆங்கிலத்தில் அச்சொல் 'அவன்பால்' எனத் திசை காட்டும் முன்னிடைச்சொல்லைக் கொண்டுவந்தது. 'அவனொடு' என்பது 'அவன்பால்' ஆயிற்று; இருவரிடையே நின்றது ஒருத்தியின் நெஞ்சுக்குள் புகுந்தது. இதனைக் குறையெனச் சுட்டுவது அம்மொழிபெயர்ப்பின் அழகை மறுப்பதாகாது. மூலத்தின் உருபு எத்துணைப் பொருளைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு, அது மாறியபோது நேர்ந்ததே சான்றாகிறது.

இப்பாடலைக் கன்னடத்தில் பெயர்ப்போர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. 'ப்ரீதி' என்றால் 'மேலெ' வந்துசேரும். 'கெளெதன' என்றால் 'ஒடு' காக்கப்படும். 'கெளெய' என்பது தமிழ்க் 'கேள்', 'கேளிர்', 'கேண்மை' என்பவற்றோடு உறவுடையதாகக் கருதத்தக்கது. அவ்வேரிலிருந்து தமிழில் 'கேள்வன்' என்னும் சொல் கணவனைக் குறிக்க வந்தது. கன்னடத்தில் 'கெளெய' நண்பனைக் குறிக்கிறது. இன்றைய கன்னடத் திரைப்பாடல்களில் 'கெளெய', 'கெளதி' என்னும் விளிகள் காதலர்க்கும் வருகின்றன. தெலுங்கில் 'செலிமி' நட்பு. 'செலி' தோழியும் ஆவாள், பாடல்களில் காதலியும் ஆவாள். மூன்று மொழிகளிலும் இவ்வகைச் சொல் ஒன்றேனும் எல்லை வரையப்படாமல் எஞ்சியிருப்பது மொழிபெயர்ப்பாளர்க்குக் கிடைத்த பேறு.

4. ஒருதலை நிலை

உருபின் பாகுபாட்டை ஏற்றால், முன்னுரையில் குறித்த தடுமாற்றத்தின் இடம் புலப்படும். ஒருவரைக் கண்டு நெஞ்சு அவர்பால் செல்லும் முதல் நிலையில் மற்றவர்க்கு அதில் இன்னும் பங்கில்லை. அது 'மேல்' நிலை. அந்நிலையில் அவரைக் காணவேண்டும், அவர் சொல்லைக் கேட்கவேண்டும், அவர் மதிப்பைப் பெறவேண்டும் என்னும் அவா எழுகிறது. இவ்வவா பின்னர்க் காதலாகலாம், நட்பாகலாம், ஆசிரியரிடத்து மாணவர் கொள்ளும் ஈடுபாடாகவே நிற்கலாம். 'மேல்' நிலையில் நட்பு என்பதற்கே தொடரமைப்பில் இடமில்லை என்று கண்டோம். இருக்கமுடியாத ஒன்றை அங்குத் தேடுவதால் விடை கிட்டாமற் போகிறது.

தொல்காப்பியர் ஒருதலைக் காமமாகிய கைக்கிளைக்குப் புறனாகப் பாடாண் திணையை வைத்தார். பாடாண் என்பது தலைவன் ஒருவனது புகழைப் புலவர் பாடுவது. இவ்விணைப்புக்கு உரையாசிரியர்கள் பல விளக்கம் தந்துள்ளனர். நம் நோக்கில், இரண்டும் 'மேல்' நிலையைச் சார்ந்தவை என்பது குறிக்கத்தக்கது. ஒருவர் விரும்புகிறார்; மற்றவர் விரும்பப்படுகிறார். ஒருவர் பாடுகிறார், மற்றவர் பாடப்படுகிறார். வேட்கையும் வியப்பும் ஒரே தொடரமைப்பில் அடங்குவதை இலக்கணம் கண்டுகொண்டது எனலாம்.

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் உறவு காணாமலே வளர்ந்ததாயிற்றே, அது 'மேல்' நிலை அன்றோ என வினவலாம். அன்று. அவர் வருவார் என்று அரசன் துணிந்து கூறினான், அவரும் வந்தார். ஒருவர் கூற்றை மற்றவர் செயல் மெய்ப்பித்தது. நேரில் காணாத நிலையிலும் அவ்வுறவு 'ஒடு' நிலையை எய்தியிருந்தது. குறள் 785 சொல்வதும் இதுவே. உடலால் கூடியிருத்தல் வேண்டுவதில்லை. ஒத்த உணர்ச்சி வேண்டும்.

5. இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த பிரிவு

நட்பும் காதலும் ஒன்று இருக்குமிடத்தில் மற்றது இருக்கலாகாது என்னும் எண்ணம் தமிழில் பிற்காலத்தது. பாரதியாரின் 'கண்ணன் பாட்டு' 1917இல் நூலாக வந்தது. கண்ணன் அதில் தோழன், தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன், குரு, காதலன் எனப் பலவாறாகத் தோன்றுகிறான். ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. தாங்கும் உருவம் ஒன்றே. தலைப்புகளால் பிரித்து, ஆளால் இணைத்த அமைப்பு இது.

நாவலும் திரைப்படமும் காதலைக் கதையின் மையமாக்கிய பின்னர் இவ்விணைப்பு தளர்ந்தது. ஆணும் பெண்ணும் நட்புக் கொள்ளலாம் என்று நிறுவ முற்பட்ட படங்களுள் விக்ரமன் இயக்கிய 'புது வசந்தம்' (1990) குறிப்பிடத்தக்கது. நான்கு இளைஞரோடு ஒரு வீட்டில் தங்கும் பெண்ணின் கதை அது. அவளை மணக்க இருந்தவன் ஐயுறுகிறான். அவள் அவனை மறுத்து நட்பின் பக்கம் நிற்கிறாள். நட்பின் பெருமையை உரைக்கும் இப்படமும், காதல் இல்லை என்று மெய்ப்பித்த பின்னரே நட்பை ஏற்கச் செய்கிறது. கமல் இயக்கிய 'பிரியாத வரம் வேண்டும்' (2001) மறுதலையானது. சிறுவயதுத் தோழர் இருவர் தம் உறவு காதல் எனப் பின்னர் உணர்கின்றனர். இத்தகைய கதைகளைக் குறிக்கும்போது நாம் 'நட்பு காதலாக மாறியது' என்கிறோம். 'மாறியது' என்றால் முன்னது ஒழிந்தது என்றாகிறது. குறுந்தொகைத் தலைவி இத்தொடரைக் கேட்டிருந்தால், எது ஒழிந்தது என்று வினவியிருப்பாள்.

இப்பிரிவினால் நன்மை விளையவில்லை எனக் கூறுவதற்கில்லை. ஆணோடு பேசும் பெண்ணை ஊர் ஐயுறும் சூழலில், 'இது நட்பு மட்டுமே' என்று சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. அச்சொல் பலருக்குக் காப்பாக அமைந்தது. அதே எல்லைக்கோடு, எப்பக்கம் நிற்கிறோம் என அறியாதவர்க்குச் சுமையாயிற்று. ஓர் ஆண் மற்றோர் ஆணிடத்தும், ஒரு பெண் மற்றொரு பெண்ணிடத்தும் கொண்ட ஆழ்ந்த உணர்வுக்கு 'நட்பு' என்னும் பெயர் கேள்வியின்றி இடப்பட்டது. அதனுள் காதல் இருந்திருப்பின் அதைச் சொல்லச் சொல் இல்லாமலாயிற்று. பிசிராந்தையார் பாடல்களை இன்று ஒருபாற் காதலாகப் படிப்போர் உளர். அங்ஙனம் படித்தலே கூடாது என மறுப்போரும் உளர். இருசாராரும் பிற்கால எல்லைக்கோட்டைப் பழம்பாடலுக்குள் வரைகின்றனர். பாடல்கள் தரும் சான்று 'ஒடு' நிலையின் ஆழத்தைக் காட்டுகிறது. அதற்குமேல் எதையும் உறுதிசெய்ய அது உதவுவதில்லை. எதையும் விலக்கவும் உதவுவதில்லை.

6. 'பிளேட்டோனிய', 'ஈர்ப்பு'

இக்காலக் கலைச்சொற்களைத் தமிழாக்குவோர் இரண்டு இடர்களை எதிர்கொள்கின்றனர். முதலாவது 'பிளேட்டோனிய' என்னும் அடைமொழி. பிளேட்டோவின் 'சிம்போசியம்' காம வேட்கையிலிருந்து தொடங்கி, அதனைப் படிப்படியாக உயர்த்தும் உரையாடல். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியரான மார்சிலியோ ஃபிசினோ அதற்கு எழுதிய விளக்கவுரையின் வழியாகவே இவ்வடைமொழி ஐரோப்பாவில் பரவியது. அன்று அது காதலின் ஒருவகையைக் குறித்தது. இன்றைய ஆங்கில வழக்கில் காதல் அல்லாத நட்பைக் குறிக்கிறது. 'பிளேட்டோனியக் காதல்' என்று தமிழில் எழுதினால் வாசகர் காதல் என்றே கொள்வர். 'பிளேட்டோனிய நட்பு' என்றால் அடைமொழி வறிதே நிற்கும். இடம் நோக்கி 'நட்பு' என்றோ 'காமம் கலவாக் காதல்' என்றோ எழுதுதல் தெளிவு தரும். அரிஸ்டாட்டிலின் 'ஃபிலியா' நண்பரை மட்டுமன்றிப் பெற்றோர், மக்கள், கணவன், மனைவி ஆகியோரையும் தழுவுவது. அதற்குக் 'கேண்மை' மிகப் பொருந்தும்.

இரண்டாவது 'ஈர்ப்பு'. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நடைபெற்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்க மதிப்பார்ந்த தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. இழிசொற்களுக்கு மாற்றாக வந்த அம்முயற்சி வரவேற்கத்தக்கது. இத்துறை எழுத்துகளில் 'தன்பாலீர்ப்பு' முதலிய தொடர்களின் அடிச்சொல்லாக 'ஈர்ப்பு' நிலைபெற்றுள்ளது. 'புவியீர்ப்பு' என்பதில் உள்ள சொல்லே இது. ஈர்க்கப்படுபவர் செயப்படுபொருளாக நிற்கிறார்; 'அவர்பால்', 'அவர்மேல்' என்னும் திசையும் உடன் வருகிறது. காமத்தைக் குறிக்க இது பொருந்தும். 'நட்பு ஈர்ப்பு' என ஆங்கிலத்தை ஒட்டிச் சொல் ஆக்கும்போது, 'ஒடு' நிலைக்குரிய பெயரை 'மேல்' நிலைக்குரிய பெயரோடு ஒட்டுகிறோம். 'காதல் ஈர்ப்பா, நட்பு ஈர்ப்பா' என்னும் வினா தமிழில் விடை காண அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உளவியலார் லிசா டயமண்ட், 2003இல் வெளியான தம் கட்டுரையில், காதற் பிணைப்பும் பால் வேட்கையும் வேறு வேறு உடலியக்கங்களைச் சார்ந்தவை என்றும், ஒன்று இல்லாமலும் மற்றது தோன்றக்கூடும் என்றும் வாதிட்டார். இதனை ஏற்றால், வேட்கை இன்மையைக் கொண்டு 'இது காதலன்று' எனத் துணிய இயலாது. இவ்விரு ஈர்ப்பையும் பிரித்தறியாதவரைக் குறிக்க ஆங்கிலத்தில் அண்மையில் சொல் ஒன்று புனையப்பட்டது. 'என்ன' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாகிய 'குவா' என்பதை முன்னே ஒட்டி அது ஆக்கப்பட்டது. ஒரு வினாச்சொல்லே பெயராகியிருப்பது அந்நிலையின் இயல்பை உணர்த்துகிறது.

7. 'பழகுதல்': முடிவுரை

தமிழில் இந்நிலைக்குப் புதுச்சொல் ஆக்குமுன், வழக்கிலுள்ள ஒரு வினைச்சொல்லை நினைவு கூர்தல் வேண்டும். 'நள்' என்னும் வினை இக்காலத் தமிழில் வழக்கிறந்தது. 'காதலி' என்னும் வினை பெருவழக்காக உள்ளது. அதனால் காதலுக்கு வினை உண்டு, நட்புக்கு இல்லை என்னும் சமனின்மை தோன்றியது. அவ்விடத்தை நிரப்பியது 'பழகு'. 'இருவரும் நன்றாகப் பழகுகிறார்கள்' என்பது நட்பையும் குறிக்கும், காதலையும் குறிக்கும், இன்னும் இன்னது என உறுதிப்படாத நிலையையும் குறிக்கும். 'ஓடு' உருபையே அது ஏற்கிறது. குறள் 785இலும் இவ்வினை உண்டு. தமிழ்க் கதைகளைப் பிறமொழிக்குப் பெயர்ப்போர் 'பழகு' வருமிடமெல்லாம் கதையின் முடிவை எண்ணி, நட்பு என்றோ காதல் என்றோ முன்கூட்டியே தீர்த்துவிடுகின்றனர். கதைமாந்தர்க்கே தெரியாத ஒன்றை வாசகர்க்குத் தெரிவிப்பது மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கதன்று.

இதனால், எல்லை வரையாத சொற்களே போதும், முடிவே வேண்டா என்று கூறுவதாகக் கொள்ளற்க. கபிலர் வேண்டியதும் அம்மூவனாரின் தலைவி வேண்டியதும் உணர்வால் ஒத்திருந்தும், வேண்டப்பட்ட உறவால் வேறுபட்டன. அவ்வேறுபாடு மற்றவரைப் பொறுத்தவரை சிறியதன்று. பேத்தமங்களாவில் ஓர் இளம்பெண்ணிடம் வீட்டார் தமிழில் 'அவனைக் காதலிக்கிறாயா' எனக் கேட்கக்கூடும். உடன் பயில்வோர் கன்னடத்தில் 'ப்ரீதியா, ஸ்நேஹவா' எனக் கேட்கக்கூடும். இரண்டு வினாக்களும் அவள் உள்ளத்தில் இருப்பது எது என்று கேட்கின்றன. அவளுக்கு விடை தெரியாமலிருப்பது அறியாமை ஆகாது, பொய்யும் ஆகாது. அவள் மூன்று மொழிகளிலும் தெளிவாகச் சொல்லக்கூடியது மற்றொன்று: அவனோடு எதை வேண்டுகிறாள், அவன் எதை வேண்டுகிறான் என்பது. அவ்விடைக்குக் காத்திருப்பவன் ஒருவன் உளனாயின், அவனுக்கு அதை அறியும் உரிமையும் உண்டு.

உணர்வின் பெயரைத் தேடி மூலப்பாடலுக்குள் நுழையும் மொழிபெயர்ப்பாளர், முதலில் உருபைக் காண்க; பின்னர் வேண்டுகோளைக் காண்க. பெயர்ச்சொல்லை இறுதியில் தேர்தல் நலம்.